செவ்வாய்க்கிழமைச் சதுரம்

7 ஒக்டோபர், செவ்வாய்

மழை. காலையிலிருந்து விட்டபாடில்லை. பிரஷரும் ஏறித்தான் கிடக்கிறது.

டாக்டர் தினமும் பிரஷரை எழுதச் சொல்லித் தந்த, நாளுக்கு ஒரு பக்கம் வைத்த கலண்டர் இது. அதற்கு ஒரு வரி போதும். மிச்ச இடம் சும்மா கிடக்கிறது. யாருக்கும் சொல்ல முடியாததை இங்கே எழுதலாம். என் மனைவி றெஜினா இதைத் திறக்க மாட்டாள், அவளுக்கு இந்த இலக்கங்களைக் கண்டாலே அலுப்பு.

இந்தச் செவ்வாயும் வெளிக்கிட்டாள். வேலையால் வந்து, குளித்து, மீன்குழம்பை மூடி வைத்துவிட்டுக் கோட்டை மாட்டினாள்.

"எங்கை?"

"பெற்றாவோட. சொன்னனான்தானே."

சொன்னாளா? எனக்கு ஞாபகம் இல்லை. பெற்றா அவளோடு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்பவள். பெயர் தெரியும், ஆளைக் கண்டதில்லை.

இதுவரை அறிந்தவை:
– மூன்றாம் செவ்வாய் இது.
– பையில் ஒரு சோடி மெல்லிய சப்பாத்து. புதுசு.
– சென்ட் பூசவில்லை. ஆம்பிளை விசயம் என்றால் சென்ட் இருக்கும். அல்லது அப்படி நான் நினைக்க வேண்டும் என்றே பூசவில்லை.
– செவ்வாய் அந்தோனியார் நாள். ஆனால் செபமாலை மேசையிலேயே கிடக்கிறது. ஆகவே கோயில் இல்லை.

திரும்பி வரும்போது முகம் வியர்த்து, ஒரு வெளிச்சம். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே சப்பாத்தைக் கழற்றினாள். இங்கிலிஷ் போல இருந்தது.

"சாப்பிட்டனீங்களோ?"

"ம்."

குழம்பில் புளி குறைவு. அதையும் குறித்து வைக்கிறேன்.


8 ஒக்டோபர், புதன்

தூறல். புதுக் கையுறை கேட்டு மூன்று நாள், இன்னும் தரவில்லை.

பக்கத்து மெஷினில் சூசை அண்ணை. வுப்பர்டாலில், ஏன் ஜேர்மனி முழுக்க, எந்தத் தமிழ் வீட்டில் என்ன நடந்தாலும் அவருக்குத் தெரியும், தெரியாவிட்டால் தானே சொல்லிவிடுவார். இடைவேளையில் பட்டும் படாமலும் கேட்டேன், ஒரு சிநேகிதனின் மனைவி என்று.

"சிநேகிதன்ர மனிசியோ, உன்ர மனிசியோ?"

"என்ரதான் அண்ணை."

"றெஜினா ஒளிச்சு மறைச்சு ஒண்டும் செய்யிற ஆள் இல்லையே."

"அதுதான் அண்ணை பயமாக் கிடக்கு."

அவர் பாணைக் கடித்தார். பிறகு, "நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வாறாளோ? முகத்தில வெளிச்சமோ? அப்ப ஆம்பிளை இல்லை. சபை."

மத்தியானம் முழுக்க அந்த ஒரு சொல்தான் மண்டைக்குள்: ஆட்களைக் கோயிலிலிருந்து பிரித்துக்கொண்டு போகிற அல்லேலூயாச் சபை. இரண்டு துண்டு பிழையாக வெட்டினேன்.


11 ஒக்டோபர், சனி

வெயில். அதிசயம். பல்கனியில் உடுப்பு காயப்போட்டேன்.

அதிசயம் உள்ளேயும் இருந்தது. குசினிக்குள் போனால் றெஜினா மேசைக்கு முன்னால் நிற்கிறாள். மேசையில் டின்கள். பக்கத்துக்கு இரண்டாக நாலு பக்கமும், சதுரமாக. மல்லித்தூள், மிளகாய்த்தூள், சீரகம், உப்பு, கடுகு, வெந்தயம், கோப்பி. எட்டாவது, என் பிரஷர் குளிசைப் பெட்டி.

வாய்க்குள் ஏதோ சொல்கிறாள், ஒவ்வொன்றாக நகர்த்துகிறாள். கடுகு என் குளிசைப் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தது. பிறகு மல்லித்தூள் டின்னையும் குளிசைப் பெட்டியையும் ஒட்டப் பிடித்து, இரண்டையும் சேர்த்து மேசையைச் சுற்றிக் கொண்டுவந்தாள். என்னைக் கண்டதும் எல்லாவற்றையும் கையால் அணைத்து ஒரு மூலைக்குத் தள்ளினாள்.

"என்ன உது?"

"ஒண்டுமில்லை. மேசை துடைக்கிறன்."

"துணி எங்கை?"

அடுப்புப் பக்கம் திரும்பி, கேத்தலை வைத்தாள்.

ஊரில் செய்வினை செய்கிறவர்கள் ஆளின் தலைமயிர் எடுப்பார்கள் என்று கேள்வி. எனக்குத் தலைமயிர் இல்லை. குளிசை எடுத்திருக்கிறாள்.

இரவுக் குளிசையைப் போடும்போது ஒருமுறை மணந்து பார்த்தேன். மல்லி மணம்.


12 ஒக்டோபர், ஞாயிறு

மாதத் தமிழ்ப் பூசை. மழைக் குளிர்.

அவள் பீடத்தடிக்கு நன்மை அப்பம் வாங்கப் போகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் நானே வரிசையில் பிந்திவிட்டேன். போனாள். வாங்கினாள். கண்ணை மூடி நின்றாள். அப்படியென்றால் இன்னும் முழுக்கப் போகவில்லை.

சபைக்குப் போன செல்வியும் இப்படித்தான். கடைசி வரை பூசைக்கும் வந்துகொண்டிருந்தாள்.

செல்வி என் ஒரே தங்கச்சி. டோர்ட்மண்டில் இருக்கிறாள். முதலில் ஒரு சிநேகிதி. பிறகு கிழமைக்கு ஒரு கூட்டம். பிறகு நெஞ்சில் பெயர் எழுதின ஒரு அட்டை. சாப்பாடு இலவசம், கட்டிப்பிடிப்பு இலவசம். அம்மாவின் ஆண்டுத் திவசப் பூசைக்கு வரமாட்டேன் என்றாள். நான் நேரே கேட்டேன், நாங்களோ அவையளோ என்று. அவளும் நேரே பதில் சொன்னாள். அதோடு சரி. ஏழு வருடம். அவளுடைய பிள்ளைகளுக்கு என்னைத் தெருவில் கண்டாலும் தெரியாது.

அதனால்தான் றெஜினாவிடம் நேரே கேட்கப் பயம். கேட்டால் பதில் வரும்.


14 ஒக்டோபர், செவ்வாய்

பின்னேர ஷிப்ட் கிழமை. இடைவேளையில் தொழிற்சாலைத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்கு எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது.

சூசை அண்ணை பின்னால் நின்று, "எடுக்கேல்லையோ?" என்றார். ஏதோ தனக்குச் சம்பளம் கூடினது போல.


17 ஒக்டோபர், வெள்ளி

உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குள் இருந்து ஒரு பிளாஸ்ரிக் அட்டை. வெள்ளை. பின்னால் ஊசி. பெரிய எழுத்தில் REGINA. பெயருக்குக் கீழே நாலு பக்கமும் இரண்டிரண்டு புள்ளி.

எட்டுப் புள்ளி. எட்டு டின்.

திரும்பவும் எண்ணினேன். பிரஷர் அளக்கத் தேவையில்லை, காதுக்குள்ளேயே கேட்டது. செல்வியின் அட்டை நீலம். இது வெள்ளை. அவ்வளவுதான் வித்தியாசம்.

துடைத்து, அவளுடைய கோட்டுப் பையில் திரும்ப வைத்தேன்.


18 ஒக்டோபர், சனி

மகளோடு தொலைபேசியில் கதைத்தேன். டிலானி டார்ம்ஸ்டாட்டில் படிக்கிறாள். சாப்பாடு, சோதனை, ரயில் எல்லாம் விசாரித்துவிட்டு மெல்ல இழுத்தேன்.

"அம்மா செவ்வாயில எங்கை போறா எண்டு உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப சொல்லன்."

"அப்பா, அம்மா பக்கத்து அறையிலதானே இருக்கிறா. கேளுங்கோவன்."

"நீயும் போறனியோ?"

"இங்கையும் இருக்கு. ஒருக்காப் போய்ப் பாத்தனான். நல்லாத்தான் இருந்தது."

டார்ம்ஸ்டாட் வரைக்கும் போய்விட்டது. மாப்பிசைந்து ரொட்டி சுட்டாள் றெஜினா, சம்பலோடு. நாலு சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை.


21 ஒக்டோபர், செவ்வாய்

காலை ஷிப்ட். பின்னேரம் மழை.

பின்தொடர்ந்தேன். கட்டின மனைவிக்குப் பின்னால் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு போக வேண்டிவரும் என்று யார் நினைத்தது. ஆற்றுக்கு மேலே ஓடும் தொங்குரயிலில் அவள் முன் பெட்டி, நான் பின் பெட்டி. இறங்கி மேட்டில் ஏறினாள். புரட்டஸ்தாந்துக் கோயில் ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு மண்டபம். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

யன்னல் உயரம். சைக்கிள் கட்டுகிற கம்பியில் ஏறி நின்று பார்த்தேன். கண்டவை:

– மேடையில் கவ்போய்த் தொப்பி போட்ட பெரிய வயிற்றுக்காரன் ஒருவன், மைக்கோடு. பாதி பாட்டு, பாதி கட்டளை. எல்லாம் இங்கிலிஷ்.
– கீழே எட்டு எட்டுப் பேராகச் சதுரங்கள். அவன் சொல்லச் சொல்ல எல்லோரும் சுழல்கிறார்கள், கை மாற்றுகிறார்கள், ஊடே போகிறார்கள். அடுத்து என்ன வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் கீழ்ப்படிகிறார்கள்.
– கிழவிகளுக்குக் குடைப் பாவாடை. ஆம்பிளைகள் எல்லோருக்கும் நீளக்கைச் சேட்.
– எல்லார் நெஞ்சிலும் அட்டை.
– அவன் ஏதோ ஒரு சொல் சொன்னதும் எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். றெஜினாவை ஒரு நெட்டை நரைத் தலையன் கட்டிப்பிடித்தான். அவள் சிரித்தாள். பல் தெரிய.
– முடிவில் எட்டுப் பேரும் நடுவில் கைகளைச் சேர்த்து, குனிந்து, ஏதோ ஒன்றாகச் சொன்னார்கள்.

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்.

கதவு திறந்து ஒரு பெண் சிகரெட் பிடிக்க வந்தாள். கம்பியிலிருந்து இறங்குவதற்குள் கண்டுவிட்டாள். உள்ளே வாருங்கள், ஏன் நனைகிறீர்கள் என்றாள். பஸ்சுக்கு நிற்கிறேன் என்றேன். அந்த வழியால் பஸ் ஓடுவதில்லை. அவள் அதைப் பெரிதுபடுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள்: முதல் மூன்று மாலையும் இலவசம். ஆடுவதற்கு முதல் ஒருவரும் குடிக்கக் கூடாது. புதியவர்களுக்குப் பக்கத்தில் ஏஞ்சல்கள், அதுதான் சம்மனசுகள், நின்று வழிகாட்டுவார்கள். கட்டிப்பிடித்தது "மஞ்சள் கல்".

சம்மனசு. கல். அந்தக் கல்லை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தேன்.


22 ஒக்டோபர், புதன்

சூசை அண்ணைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினையே நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மூண்டு நாள் இலவசமோ? அப்ப நாலாம் நாள் வீட்டை எழுதிக் குடுக்கச் சொல்லுவாங்கள்."

"வாடகை வீடுதானே அண்ணை."

"அதுக்கும் ஏதாவது வழி வைச்சிருப்பாங்கள்."

பிறகு சொன்னார், அடுத்த செவ்வாய் பின்னேர ஷிப்டில் உன் மெஷினையும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் ஆளை வெளியே கூட்டிக்கொண்டு வா, சுணங்கினால் பிறகு வராது. செல்வி விசயத்தில் சுணங்கினோம் என்றார். என்ன இருந்தாலும் நல்ல மனிசன்.


23 ஒக்டோபர், வியாழன்

சப்பாத்து இன்னும் காயவில்லை. உள்ளே பேப்பர் அடைத்து ஹீற்றருக்குக் கீழே வைத்தேன்.

சாப்பிடும்போது அவள்: "செவ்வாய் எங்கை போனனீங்கள்?"

"கடைக்கு."

"என்ன வாங்கினியள்?"

"ஒண்டும் இல்லை. பூட்டிட்டான்."

என் சப்பாத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இப்போது அவளுக்கும் என்மேல் சந்தேகம். ஒரு வீட்டில் இரண்டு பொலிஸ். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தோம்.

கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருடம். அகதி முகாமில் ஒரு அறையில் இரண்டு குடும்பம், நடுவில் ஒரு போர்வை. அப்போது கூட இவ்வளவு தூரத்தில் இருந்ததில்லை.


28 ஒக்டோபர், செவ்வாய்

குளிர். முதல் முறை மூச்சு புகைந்தது.

சேட்டுக்குள் அந்தோனியார் பதக்கம். போவது, கையைப் பிடிப்பது, கூட்டிக்கொண்டு வருவது. வாக்குவாதம் இல்லை. இதுதான் திட்டம். கதவைத் திறந்து உள்ளே போனேன். வெளிச்சம், மரத் தரை, தேத்தண்ணி மணம். சிலுவை ஒன்று சுவரில், ஆனால் அது மண்டபக்காரரின் சிலுவை.

றெஜினா ஒரு சதுரத்தில் தனியாக நின்றாள். மற்ற மூன்று பக்கமும் சோடி. அவள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆள் வேண்டும் என்று ஒரு கையை மேலே பிடித்துக்கொண்டு நின்றாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. என்னைக் கண்டாள். கை இறங்கவில்லை.

சிகரெட்காரி ஓடி வந்தாள். "பஸ் ஆள்." அவள்தான் பெற்றாவாம். நெட்டை நரைத் தலையன் ஹோர்ஸ்ட், இடுப்பு சத்திரசிகிச்சை செய்து ஆஸ்பத்திரியில். ஏழு பேர் நிற்கிறார்கள், எட்டாவது இல்லாமல் சதுரம் ஆட ஏலாது என்று சொல்லிக்கொண்டே என்னைத் தள்ளி நிறுத்தினாள். றெஜினாவின் இடப்பக்கம்.

"வாரும், வீட்டை போவம்" என்றேன் தமிழில், மெல்ல.

"இது முடியாமல் ஒருத்தரும் வெளிய போகக் கூடாது. அதுதான் இஞ்சத்தைச் சட்டம். ஒராள் போனா ஏழு பேரும் நிக்க வேணும்."

"நான் ஆட வரேல்லை."

"அப்ப நில்லுங்கோ. ஆனாப் போகாதேங்கோ."

பாட்டு தொடங்கிவிட்டது.

எல்லோரும் கைகோத்து இடப்பக்கம் போ. சரி. வலக்கையைக் கொடு. எது வலக்கை என்று ஒருகணம் தெரியவில்லை. இருபது வருடமாக மெஷினில் வலக்கையால் வேலை செய்கிறேன். ஒரு கிழவியின் கையைப் பிடித்து அடுத்த சதுரத்துக்கே கொண்டுபோய்விட்டேன். எட்டுப் பேரும் குழம்பி நின்றோம். திட்டப் போகிறார்கள் என்று பார்த்தால் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இடத்துக்கு வந்து, கைகோத்து, தொப்பிக்காரன் அடுத்த சொல்லைச் சொல்லும்வரை காத்திருந்தார்கள். திரும்பத் தொடங்கியது.

மூன்றாவது பிழைக்குப் பிறகு கதவைப் பார்த்தேன். திறந்துதான் கிடந்தது. போகவில்லை.

அப்புறம் அந்தச் சொல் வந்தது. மஞ்சள் கல். எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். நானும் றெஜினாவும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆட்களுக்கு முன்னால் நாங்கள் தொட்டுக்கொண்டதே இல்லை, தாலி கட்டின நாளைத் தவிர. அவள்தான் முதல் வந்தாள். நெற்றி என் பதக்கத்தில் முட்டியது.

"அந்தோனியாரையும் கூட்டிக்கொண்டோ வந்தனீங்கள்?"

இடைவேளையில் தேத்தண்ணி. பெற்றாவிடம் கேட்டேன், செபம் எத்தனை மணிக்கு என்று. செபமா, மண்டபம் வாடகைக்கு எடுத்தது என்றாள். சம்மனசு என்றால் முன்னமே பழகினவர்கள், புதியவர்களோடு நின்று ஆடுகிறவர்கள், அவ்வளவுதான். நீளக்கைச் சேட், வியர்வைக் கை மற்றவரில் படாமல் இருக்க. கல் என்று ஒரு கல்லும் இல்லை, கட்டிப்பிடிக்கச் சொல்கிற கட்டளையின் பெயர்தான் அது.

தொப்பிக்காரன் கூந்தர், தபால்காரன். இது சதுர நடனம் என்று அவன் விளக்கினான். முந்தி ஐரோப்பாவிலிருந்து கப்பலேறின குடியானவர்கள் தங்கள் கிராமத்து ஆட்டங்களை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்களாம். அங்கே எல்லாம் கலந்து இதுவானதாம். போருக்குப் பிறகு அமெரிக்க ஆமிக்காரர் ஜேர்மனிக்குத் திருப்பிக் கொண்டு வந்தார்களாம். நான் அறிந்த ஆமி எதையும் கொண்டு வந்ததில்லை, எடுத்துக்கொண்டு போனதுதான். அதை அவனுக்குச் சொல்லவில்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் சொற்கள் இதே இங்கிலிஷ்தானாம், யப்பானில் போய் நின்றாலும் ஆடலாமாம்.

தொங்குரயிலில் ஒரே பெட்டி. பக்கத்துச் சீற்.

"ஏன் ஒளிச்சனீர்?"

"ஒளிக்கேல்லை. போன மாதம் கேட்டன், பெற்றா ஒரு ஆட்டம் பழகக் கூப்பிடுறா, சோடியா வாறியளோ எண்டு. செய்தி பாத்துக்கொண்டு 'ம்' எண்டியள். கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில நிண்டன். நீங்கள் செய்தியை மாத்தி வேறை செய்தி பாத்தியள். பிறகு போயிட்டன். திரும்பக் கேட்டாச் சொல்லுவம் எண்டு இருந்தன். கேக்கேல்லை."

எனக்கு அந்த "ம்" ஞாபகமே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை "ம்" சொல்கிறேனோ.

"அங்கை என்ன இருக்கு?"

பெயர் அட்டையைக் கழற்றிப் பையில் வைத்தாள். "வேலையில நான் பிழையான ஜேர்மன் கதைச்சா முகத்தைப் பாக்கினம். இஞ்சை அவையும் இங்கிலிஷ் விளங்காமல் என்னைப் போல முழுசினம். எனக்குக் கன்னியாஸ்திரியள் படிப்பிச்ச இங்கிலிஷ் கொஞ்சம் கூட. பெற்றா என்னட்டைக் கேக்கிறா. பிறகு, நான் ஒரு நாள் வராட்டி ஏழு பேருக்குத் தெரியும்."

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். கீழே ஆறு.

"செல்வி போனமாதிரி நானும் போயிடுவன் எண்டு நினைச்சியளோ?"

"ஓம்."

கையைப் பிடித்தாள். வலக்கை. இப்போது தெரிகிறது எது என்று.


29 ஒக்டோபர், புதன்

வெயிலும் மழையும் மாறி மாறி. சூசை அண்ணை காலையிலேயே தொலைபேசி. "ஆளைக் கொண்டு வந்திட்டியோ?"

"இல்லை அண்ணை. நானும் சேந்திட்டன்."

மறுபக்கம் ஒரு கோப்பை இடிபட்டது. பிறகு, "உன்னையுமோ" என்று வைத்துவிட்டார். மத்தியானம் ஷிப்டில் விளக்க வேண்டும். பாதித் தமிழருக்கு அதற்குள் செய்தி போயிருக்கும்.

றெஜினாவுக்கு இன்று லீவு. தேத்தண்ணி குடித்து முடிய மேசையைத் துடைத்தாள், இந்த முறை துணியோடு. டின்களைச் சதுரமாக அடுக்கினாள். நேற்று எந்த இடத்தில் பிழைத்தேன் என்று காட்ட வேண்டுமாம்.

"இது பெற்றா, கடுகு. உது பெற்றாவின்ர மனிசன், உப்பு. கோப்பி டின் ஹோர்ஸ்ட், நெட்டை எண்டபடியால். உவர் சுகமாகி வந்தா இந்தப் பக்கம் நிப்பார், வெந்தயத்தோட. இது நான், மல்லி."

அலுமாரியைத் திறந்து என் குளிசைப் பெட்டியை எடுத்தாள். மல்லித்தூள் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமையும் இதே இடத்தில்தான் இருந்தது. நான் அப்போது மண்டபத்தின் வாசலைக் கூடக் கண்டிருக்கவில்லை.

"அண்டைக்கும் இதை வைச்சனீரே."

"ஓம். வேறை யாரை வைக்கிறது?"

கடைக்குப் போய்விட்டாள், பால் முடிந்ததாம். நான் பிரஷர் அளக்கவில்லை. பழக்கத்தில் குளிசைக்கு அலுமாரியைத் திறந்தேன், இல்லை. மேசையில் நிற்கிறது, மல்லிக்கு இடப்பக்கம். ஒன்றை எடுத்து விழுங்கிவிட்டு, பெட்டியை அதே இடத்தில் திரும்ப வைத்தேன்.